பிடுங்காத கடைவாய்ப்பல்

கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தையாகி நான் துடித்தபோது எனக்கு ஏழு வயது. பால் பல்தான், பிடுங்கிப் போடு என்று வீடே கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைத்து வருகிற பல் அது, போனால் திரும்ப வராது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே! தெரியாது. தீர்ப்புக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

அம்மாவின் அண்ணன்தான் இதில் தலைமை நீதிபதி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அம்மா தையல் மெஷினில் இருந்த நேரம் பார்த்து, மாமா என்னை பஜாருக்கு அழைத்துப் போனார். டாக்டரிடம்கூட இல்லை, பல்செட் கட்டுகிறவரிடம். "புடுங்கிட்டா பேஜார் வுட்டுச்சி. வேற மொளைக்கும்," என்றார் மாமா. பல்லைக் கூரைமேல் எறியலாம், ஐஸ்கிரீம் தின்னலாம் என்று நானும் நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாமா பெருமையாக அம்மாவுக்கு போன் போட்டு வேறு சொன்னார்.

கேட் பாஸ் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள் அம்மா, பசை வாடை அடிக்கிற கம்பெனி கோட்டோடு. குறடு என் வாய்க்குக் கிட்டே வந்திருந்தது.

"கைய எடுய்யா! என் பொண்ணு வாயில கை வச்ச, அவ்ளோதான்!"

"ஒரு பால் பல்லுக்கு ஏம்மா இவ்ளோ ஜாஸ்தி கத்துற?" என்றார் மாமா.

"உனக்கு எல்லாமே பால் பல்லுதான்! நீ பேசாதண்ணா!"

அப்படியே என்னை வேலூர் பஸ்ஸில் ஏற்றினாள். அங்கே பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார். "இது விழுற பல்லு இல்லம்மா. வேர் இன்னும் முழுசா வளரல. உள்ள நரம்பு உயிரோட இருந்தாதான் வளரும். கெட்டத மட்டும் எடுத்துட்டு மிச்சத்தக் காப்பாத்தலாம்."

மரத்துப்போக ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, மருந்து வைத்து அடைத்தார். வேர் வளர்கிறதா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப வரவேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்! பிடுங்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். கூரைமேல் எறியப் பல்லும் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை. அம்மாவோடு பேச்சையே நிறுத்திவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. எப்போதும்போல அம்மா தன் தட்டிலிருந்த கறியை எடுத்து எனக்கு வைத்தாள்.

"இவளுக்கு சின்னதுலேர்ந்தே கறி புடிக்காது," என்றார் மாமா, எலும்பைக் கடித்துக்கொண்டே. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் உம்மென்று இருந்தபடியே அவள் பங்கையும் தின்று முடித்தேன்.

பிடிக்காதாம்! கடிக்க அவள் கடைவாயில் பல்லே இல்லை என்பதும், என் வயதில் அவளையும் பால் பல் என்று சொல்லி அதே நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்பதும் எனக்கு அன்று தெரியாது.