இடது முன்சக்கரம் கோதை

ஜீப்பிலிருந்து இறங்கியதும் கோதை சேற்றைப் பார்ப்பதில்லை. சுடிதாருக்கு மேல் போட்டிருக்கும் கணவரின் பழைய காக்கிச் சட்டையின் கையை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டு, இடது முன்சக்கரத்தின் எதிரில் குந்துகிறார். சக்கரத்தின் நடுவில் டப்பா மூடி அளவுக்கு ஒரு திருகு இருக்கிறது. அதுதான் ஹப். கட்டை விரலும் இரண்டு விரல்களும் போதும். ஃப்ரீ என்ற எழுத்திலிருந்து லாக் என்ற எழுத்துக்கு அது நகரும்போது உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். சத்தத்தை கோதை நம்புவதில்லை. இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, விரலை டயரிலேயே துடைத்துக்கொண்டு எழுந்து, முன்னால் நாலடி நடந்து சேற்றுக்குள் காலை விடுகிறார். பிறகு திரும்பி வந்து அறிக்கை: “கணுக்கால் வரிக்கும் கீது. அடியில கல்லு. வலது பக்கமா ஒதுங்கிப் போங்க.”

இதற்குள் வலது முன்சக்கரத்தைத் திருகிவிட்டு வந்திருக்கும் கணவர் கல்யாணசுந்தரம் வலது பக்கமாக ஒதுங்கிப் போவார். முப்பத்தைந்து வருடம் புனே பக்கத்துத் தேஹு ரோடு ராணுவ டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருடைய அறிக்கையை மறுத்துப் பேசக் கூடாது என்பது அவருக்கு அங்கேயே பழகிவிட்டது.

கோதைக்கு ஐம்பத்தேழு வயது. குடும்பம் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தது என்பது கேள்வி ஞானம். பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது எல்லாமே தேஹு ரோடு ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான். ஷேர் ஆட்டோக்களுக்கு ரெக்சினில் சீட் கவர் தைப்பது தொழில். மூன்று பேர் சீட்டில் ஐந்து பேரை ஏற்றினால் தையல் முதலில் எங்கே விடும் என்பதைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆட்டோக்காரர்களிடம் ஹிந்தி, கடையில் மராத்தி, கணவரிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். தடித்த ரெக்சினில் ஊசியை இழுத்து இழுத்து விரல்கள் குறடு போல ஆகிவிட்டன. துருவேறிய ஹப்பைத் திருப்ப மற்றவர்கள் குறடு தேடும்போது கோதையைக் கூப்பிடுவார்கள்.

மற்றவர்கள் என்றால், கிளப். ஜூனில் முதல் மழை விழுந்ததும் புனேயில் ஒரு கூட்டம் சேறு தேடிக் கிளம்பும். ரோட்டுப் பள்ளத்தைப் பற்றி வாரம் முழுக்க மாநகராட்சிக்கு மனு எழுதுகிறவர்கள்தான் இவர்கள். ஞாயிற்றுக்கிழமை அதைவிடப் பெரிய பள்ளமாகப் பார்த்து ஐம்பது கிலோமீட்டர் போவார்கள். முக்கால்வாசிப் பேர் சென்னையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள். புது வண்டி, வெள்ளை ஷூ, எதற்கும் ஒரு பட்டன். போன வருடம் ஒரு பெண் ஜன்னலை இறக்கி, ஆன்ட்டி வண்டிக்கு மட்டும் ஏன் பட்டன் இல்லை என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டாள்.

“பட்டன் இருந்தா கால்ல சேறு படாதே கண்ணு,” என்றார் கோதை. “எவ்ளோ ஆழம்னு பட்டனுக்கு இன்னா தெரியும்?”

அடுத்த பத்தாவது நிமிடம் அந்தப் பெண்ணின் வண்டி கதவு வரை இறங்கியது என்று எழுதத்தான் ஆசை. அப்படி நடக்கவில்லை. அழகாகத் தாண்டிப் போனது. கோதை கைதட்டினார்.

கிளப்பின் ஆண்டு விருந்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, ஜீப்புக்கு இரண்டு ஹப் போலத்தான் இல்லறத்துக்குக் கணவனும் மனைவியும் என்று உருகினார். எல்லோரும் கோதையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கணவரிடம் மெதுவாக, “அவரு ஹப்புக்குக் கிரீஸ் வெச்சு எத்தினி வருஷமாச்சுன்னு கேளுங்க,” என்றார். இலக்கியத்தில் அவருக்கு ஈடுபாடு குறைவு. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறார். “ஓட்றவன் முன்னாடியே பாத்துக்கினு இருக்கணும். நமக்கு அது ஆவாது. நாலு பக்கமும் பாக்கணும்.”

அவருடைய அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். இந்தப் பழைய ஜீப்பின் முன்சக்கரங்கள் சாதாரணமாக சும்மாதான் உருளும். ஹப்பைத் திருகினால்தான் சக்கரம் அச்சோடு கோத்துக்கொள்ளும். அதன் பிறகு குட்டி லீவரை இழுத்தால் நாலு சக்கரமும் வேலைக்கு வரும். இரண்டு பக்கமும் திருக வேண்டும். ஒரு பக்கத்தை விட்டுவிட்டால் பாதி பலமாவது கிடைக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு டிஃபரன்ஷியலின் குணம் தெரியாது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இன்ஜினின் பலத்தைப் பங்கு வைக்கும் அந்த இரும்பு உருண்டை ஒரு பழுத்த அதிகாரி. எந்தப் பக்கம் எதிர்ப்பு இல்லையோ அந்தப் பக்கமே அத்தனையையும் தள்ளிவிடும். திருகாத பக்கத்து அச்சு வெறுமனே சுற்றும், திருகிய பக்கத்துச் சக்கரம் கை கட்டி நிற்கும். ஆக, கோதை திருகாவிட்டால் கல்யாணசுந்தரம் திருகியதும் வீண்.

இந்த அதிகாரத்தை அவர் ஒரே ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறார். பதின்மூன்று வருடம் இருக்கும். புது உறுப்பினர்களிடம் எல்லோரையும் அறிமுகப்படுத்திய கல்யாணசுந்தரம், மனைவியைக் காட்டி, “வூட்ல போர் அடிக்குதுன்னு சும்மா கூட வர்றா,” என்றார். அடுத்த சேற்றில் கோதை வழக்கம்போல இறங்கினார். குந்தினார். பத்து எண்ணினார். எழுந்து வந்து உட்கார்ந்தார்.

ஜீப்பின் பின்சக்கரங்கள் குழி தோண்டிக்கொண்டு இறங்கின. கல்யாணசுந்தரம் லீவரைச் சந்தேகித்தார், கிளட்ச்சைச் சந்தேகித்தார், டயர் விற்ற கடைக்காரனைத் திட்டினார். எட்டுப் பேர் குனிந்து பார்த்தார்கள். இடது முன்சக்கரத்தை யாரும் பார்க்கவில்லை. கோதையின் சக்கரத்தில் தப்பு இருக்காது என்று அத்தனை நம்பிக்கை. ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு கட்டி இழுத்தார்கள். கோதை கரையில் குடை பிடித்தபடி, யோசனைகள்கூடச் சொன்னார்.

மறுநாள் வண்டியைக் கழுவும்போது திருகு எந்த எழுத்தில் நிற்கிறது என்பதைக் கல்யாணசுந்தரம் பார்த்தார். பார்த்துவிட்டு அதன் மேலும் தண்ணீர் அடித்தார். அடுத்த அறிமுகத்தில், “என் மிஸஸ். லெஃப்ட் வீல் இவங்க பொறுப்பு,” என்றார். மறுபடியும் அப்படிச் செய்ய கோதைக்குத் தேவையே வரவில்லை. செய்ய முடியும் என்பதே போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் மகன் தினேஷ் அதில் கை வைத்தான். புனேயிலேயே கோந்த்வாவில் தனியாகக் குடியிருக்கும் நல்ல பிள்ளை. அப்பா ஓய்வு பெற்றால் காசிக்கு டிக்கெட் எடுத்துத் தரும் பிள்ளைகள் உண்டு. தினேஷ் முன் அச்சுக்கு லாக்கர் வாங்கித் தந்தான். டிஃபரன்ஷியல் அதிகாரியின் பங்கு வைக்கும் உரிமையைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு பக்கத்து அச்சையும் ஒரே கம்பி மாதிரிப் பூட்டிவிடும் சாதனம் அது. ஓட்டுகிறவர் கைக்கு ஒரு ஸ்விட்ச், பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு. பின் அச்சுக்கு இதே மாதிரி ஒன்று மூன்று வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. அப்போது கோதை ஒன்றும் சொல்லவில்லை; பின்பக்கம் அவருடைய இலாகா இல்லை. “மம்மி, இனிமே ஸ்டக்கே ஆகாது. டென்ஷன் கதம்,” என்று தினேஷ் போனில் சொன்னான். யாருக்கு டென்ஷன் என்று கோதை கேட்கவில்லை.

போபோடியில் காசிமின் ஒர்க்‌ஷாப்பில் மாட்டினார்கள். காசிம் இருபது வருடமாக இந்த ஜீப்பின் வைத்தியர்; கோதையை அண்ணி முறை வைத்து ‘பாபி’ என்பார். வேலை முடிந்து அவர் கை துடைத்துக்கொண்டிருக்கும்போது, இதுவரை எந்த வாடிக்கையாளரும் கேட்காத ஒரு கேள்வியை கோதை கேட்டார்.

“காசிம், லாக்கர் போட்டுக்கினு, ஒரு பக்கம் ஹப்பு திருவாம விட்டா இன்னா ஆவும்?”

“ஒண்ணும் ஆவாது பாபி. இன்னொரு பக்கத்து சக்கரம் இழுத்துக்கினு போயிடும். ஸ்டீரிங் கொஞ்சம் ஒருசாய்ச்சலா இழுக்கும், அவ்ளோதான்.” நல்ல சேதி சொல்கிற முகத்தோடு காசிம் சேர்த்துக்கொண்டார். “நீங்க மறந்துட்டாக்கூட பரவால்ல.”

“நான் எப்ப மறந்தேன்?” என்றார் கோதை.

இரண்டடி தள்ளி டீயை ஆற்றிக்கொண்டிருந்த கல்யாணசுந்தரம் தொடர்ந்து ஆற்றினார். ஏற்கெனவே ஆறிப்போன டீ அது.

அந்த வாரம் கோதை தைத்து முடித்த ஒரு சீட்டைப் பிரித்துத் திரும்பவும் தைத்தார். வண்டிக்குப் பலம் கூடியதில் அவருக்கு வருத்தம் கிடையாது. தான் திருகினாலும் ஒன்று, திருகாவிட்டாலும் ஒன்று என்பதுதான் ஊசி ஏறும்போதெல்லாம் கூடவே ஏறியது. இருபத்தாறு வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிறகு, இனிமேல் நிஜமாகவே சும்மா கூடப் போகிறவர்.

ஞாயிறன்று ஏழு வண்டிகள் பவனா அணைக்குப் பின்னால் போயின. முதல் சேறு வந்தது. கோதை இறங்கினார், குந்தினார், பத்து எண்ணினார், திருகைத் தொடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். கல்யாணசுந்தரம் ஸ்விட்சைப் போட்டார், சிவப்பு விளக்கு எரிந்தது. ஜீப் லேசாக ஒரு பக்கம் சாய்ந்து இழுத்தது. அவர் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்து நேராக்கினார். வண்டி உறுமிக்கொண்டு அக்கரை ஏறிவிட்டது. காசிம் பொய் சொல்கிறவர் இல்லை.

ஏறிய பிறகு கல்யாணசுந்தரம் தன் கைகளை ஒரு கணம் பார்த்துக்கொண்டார். எது அந்தப் பக்கம் இழுத்தது என்று கைகளுக்குத் தெரியும். கோதை ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார்.

இரண்டாவது சேறு பெரியது, அப்பால் வழுக்கலான ஏற்றம். அவர்களுடைய ஜீப்தான் முதலில் போக வேண்டும். பின்னால் மற்ற ஆறும் வரிசையில் நின்றன. கல்யாணசுந்தரம் இறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நடுவில் கெட்டி ரோட்டில் ஃப்ரீக்குத் திருப்பியிருந்த தன் பக்கத்தை மறுபடி லாக்குக்குத் திருகிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கோதை அசையவில்லை.

“எறங்கலியா?”

“இன்னாத்துக்கு? உங்க ஒரு சக்கரமே போதும்.”

வைப்பர் போய் வந்தது. வாக்கி டாக்கியில் கிளப் தலைவர் ராகவேந்திராவின் குரல் கரகரத்தது. அங்கிள் ஏன் நிற்கிறார், போகலாமே, லாக்கர்தான் இருக்கிறதே என்று கேட்டது.

கல்யாணசுந்தரம் கையை நீட்டினார். ஸ்விட்சை அணைத்தார். சிவப்பு விளக்கு போயிற்று; இனி இடது பக்கம் திருகாமல் வலது பக்கம் திருகியதும் வீண். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, டெப்போவில் கூட இத்தனை தெளிவாகப் பேசியிருக்க மாட்டார், அப்படிப் பேசினார். “லாக்கர் வேலை செய்யல ராகவேந்திரா. டைம் ஆவும். யாரும் முந்தாதீங்க.”

வைத்துவிட்டு, தூரத்தில் நனைந்துகொண்டு நின்ற ஓர் எருமையை அக்கறையோடு கவனிக்க ஆரம்பித்தார்.

கோதை ஸ்விட்சைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். சேற்றையும், சேற்றுக்கு அப்பால் ஏற்றத்தையும் பார்த்தார். கதவின் மேல் கை வைத்தவர், கையை எடுத்துக்கொண்டு, வழியில் காம்ஷேத்தில் வாங்கிய வேகவைத்த கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரித்தார். ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். அடுத்ததை உரித்துக் கணவரின் உள்ளங்கையில் வைத்தார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். யாரோ பதிலுக்கு அடித்தார்கள். கோதை பொட்டலத்துக்குள் எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. இன்னொரு கடலையை எடுத்து, நகத்தால் கீறி, நிதானமாக உரிக்கத் தொடங்கினார்.