உஷாராணி எழுதிய மஸ்தான்

என் மனைவி உஷாராணி கிள்ளானில் ஒரு பாலர் பள்ளி ஆசிரியை. வயது நாற்பத்தெட்டு. வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, சனிக்கிழமை வந்தால் என்னையும் இரண்டு மூட்டைத் துணியையும் கொமுட்டர் ரயிலில் ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போய்விடுவாள். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் பதினைந்து இளையோரைச் சேர்த்துவைத்து நாடகம் போடுகிறாள். பதினோரு ஆண்டுகளாக இந்தக் கூத்து. நான் மேருவில் ஒரு டயர் கிடங்கில் ஸ்டோர் கீப்பர்; நாடகத்தில் என் வேலை ஒலிப்பெட்டி. யாராவது விழுந்தால் 'டமார்', யாராவது சிரிப்பாகப் பேசினால் 'டிங்'. இதற்காகவா கல்யாணம் செய்துகொண்டேன் என்று சில சனிக்கிழமைகளில் தோன்றும். கேட்டால் அன்று சோறு கிடைக்காது, அதனால் கேட்டதில்லை.

சபையைச் சிரிக்கவைக்க அவளுக்குத் தெரியும். அவள் எழுதும் எல்லா நாடகத்திலும் ஓர் ஊர்க்காரர் வருவார். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்தவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கட்டம் போட்ட லுங்கி, தலையில் துண்டு, தொண்டை கிழியும் சத்தம். அவர் மேடைக்கு வந்தாலே போதும், நான் 'டிங்' அழுத்துவதற்குள் சனம் சிரித்துவிடும்.

இந்த ஆண்டு மார்ச்சில் இரண்டு நாள் நாடகப் பட்டறை ஒன்றுக்குப் போனாள். வீங்கிய முகத்தோடு திரும்பினாள்.

"என்னங்க, உங்க பிள்ளைங்க மேடையில நிக்கிறது மனுசங்களா பொம்மைங்களான்னு கேட்டுட்டாங்க பட்டறை நடத்துன அந்தம்மா. பதினோரு வருசமா நான் பொம்மையா செஞ்சிக்கிட்டு இருந்தேன்?"

"பொம்மைக்கும் கைதட்டினாங்கதானே, உஷா" என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகு புதுச் சட்டம் வந்தது. நடிக்கும் ஒவ்வொருவரும் உயிரோடு நடமாடும் ஓர் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் பக்கத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து, எப்படி நடக்கிறார், என்ன பேசுகிறார் என்று நோட்டில் எழுத வேண்டும். டீ மாஸ்டர் வேடம் செலாயாங் பையன் யுகேந்திரனுக்கு, இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிப்பவன். எங்கள் ஒத்திகை மாடிக்குப் பின்தெருவில் உள்ள உணவகத்தில் டீ கலக்கும் நூர் முகமதுவை அவன் பிடித்துக்கொண்டான். தொண்டிக்காரர், இங்கே வந்து ஒன்பது ஆண்டு. கேட்டதும், "உக்காருங்க தம்பி, நான் பாட்டுக்கு வேலையப் பாக்குறேன்" என்று ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாராம்.

மூன்று வாரம் கழித்து நோட்டை உரக்கப் படித்தான். "சீனர் வந்தால் மலாயில் பேசுகிறார். நம்ம ஆளிடம் நம்மைப் போலவே 'லா' போட்டு 'அது வேணாம்லா' என்கிறார். லுங்கி கட்டுவதில்லை, டிராக் பேன்ட். பேட்மிண்டன் ஓடினால் டிவியை விட்டு நகர மாட்டார். கழுவிய கிளாசின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கவிழ்த்து வைக்கிறார்."

உஷா தலையில் கை வைத்துக்கொண்டாள். "டேய், இது யாருடா? எங்க சித்தப்பா மாதிரியில்ல இருக்கு! இத மேடையில வச்சா ஊர்லேருந்து வந்தவருன்னு எவனுக்குத் தெரியும்?"

"அவரு அப்படித்தான் டீச்சர் இருக்காரு."

"நல்லாப் பாத்தியா?"

அவன் பக்கத்தைப் புரட்டினான். "ஆட்கள் கேட்டால் கர்சீப்பைத் தலையில் கட்டி, 'சீனி போடவா, நான் சிரிக்கவா?' என்று கத்துவார். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை."

உஷாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான்டா! இதெல்லாம் உக்காந்து எழுத முடியுமா? மனுசன் வாயிலேருந்து வந்தாத்தான் உண்டு."

அந்த ஒரு வரியைச் சுற்றியே நாடகத்தை எழுதினாள். எனக்கு மட்டும் அதை எங்கோ கேட்டது போல இருந்தது. விரல் ஒலிப்பெட்டிப் பக்கம் போய்ப்போய் வந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. அவளே இத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாள், நான் எதற்கு வாயைத் திறப்பது என்று இருந்துவிட்டேன்.

மேடையேற இரண்டு வாரம் இருக்கும்போது நூர் முகமதுவை ஒத்திகைக்கு அழைத்தாள். அவருக்கு ஆஃப் நாள். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, கையில் ஒரு பொட்டலம் கரிபாப் பலகாரம்.

"தம்பி, கடையில நீங்க சொல்ற அந்த வரிய ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. பையன் பாத்துக்கட்டும்" என்றாள்.

அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார். கர்சீப்பைத் தலையில் கட்டினார். முழங்காலை மடக்கி, தலையை ஆட்டி, "சீனி போடவா, நான் சிரிக்கவா?" என்று கத்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். என் விரல் தானாகவே 'டிங்' அழுத்தியது. அழுத்தியதும்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

நூர் கர்சீப்பை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "சரியா வந்துச்சாக்கா? மேடையில செஞ்ச பையன் இன்னும் நல்லா செஞ்சான்."

"எந்த மேடையில?"

"நீங்க போட்டதுதானக்கா. ஆறு வருசம் ஆச்சு, தீபாவளிச் சந்தையில. நாந்தான் உங்களுக்கெல்லாம் டீ கொண்டாந்தேன். அதுல டீக்காரன் பேரு மஸ்தான். மறுநாள்லேருந்து கடைக்கு வர்றவங்க பூரா, மஸ்தான், அதச் சொல்லுன்னாங்க. மொதல்ல கோவம் வந்துச்சு. மொதலாளியும் சிரிச்சிட்டு, சொல்லுடான்னுட்டாரு. இப்ப கடையில என் பேரு யாருக்கும் தெரியாதுக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பஸ் தாமதமாக வந்தது என்று சொல்வது போலச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. உஷா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப உங்க சொந்தப் பேச்சு எதுங்க?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "தெரியலையேக்கா. ஊருக்குப் போனா, என்னடா மலாய்க்காரன் மாதிரிப் பேசுறன்னு வீட்ல சிரிக்கிறாங்க. இங்க ஊர்க்காரன்னு சிரிக்கிறாங்க. நாடகத்துல அந்தப் பேரு மட்டும் வேணாம்க்கா. அது இன்னொரு தடவ மேடை ஏறுனா, நான் இங்க இருக்கிற வரைக்கும் போகாது. வேற என்ன வேணும்னாலும் வச்சுக்குங்க."

அந்த இரண்டு வாரமும் வீட்டில் நிம்மதி இல்லை. வரியை எடுத்தாள், சேர்த்தாள், மறுபடி எடுத்தாள். "தினமும் அவரு வாயாலதான் சொல்றாரு, அப்ப அது உண்மைதானே? ஆனா எழுதினது நான். அப்ப பொய்யா? என்னங்க, வாயத் தொறந்து சொல்லுங்களேன்." எனக்கு டயர் பற்றிக் கேட்டால் தெரியும். கடைசியில் வரி போனது, பேர் போனது, லுங்கியும் போனது. மிஞ்சியது யுகேந்திரனும் கழுவிய கிளாஸ்களும்தான்.

ஒரு ஞாயிறு பிற்பகல் நாடகம். கூட்டம் நிறைந்திருந்தது. யுகேந்திரன் நாற்பது நிமிடம் மேடையில் நின்று டீ கலக்கினான், பேசினான், கிளாசின் விளிம்பைத் தடவிக் கவிழ்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் 'டிங்' அழுத்த இடமே இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

முடிந்ததும் செமினியிலிருந்து எங்கள் ஒரு நாடகத்தையும் விடாமல் பார்க்க வரும் நல்லம்மாள் ஆன்டி உஷாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா. ஆனா இந்த வருசம் ஊர்க்காரர் ஏன் வரல?"

உஷா என்னைப் பார்த்தாள். ஜெயித்தோமா தோற்றோமா என்று எனக்கும் விளங்கவில்லை.

அப்போது நூர் முகமது அருகில் வந்தார். "அக்கா, அந்தத் தம்பி கிளாச விரலால தடவுனான் பாருங்க, எங்க அத்தா அப்படித்தான் செய்வாரு. நானும் செய்றேன்னு இன்னைக்குத்தான் தெரியும்."

உஷா பதில் சொல்லும் முன் நல்லம்மாள் ஆன்டி அவரை அடையாளம் கண்டுகொண்டார். "அடே, நீ அந்தக் கடை மஸ்தான்தானே! சொல்லு, அதச் சொல்லு!" நாலைந்து பேர் திரும்பினார்கள். ஒருவர் கைப்பேசியைத் தூக்கினார். நூரின் முகத்தில் கடைச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. கை சட்டைப்பைக்குள் போனது.

உஷா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்டி, இவரு பேரு நூர் முகமது. அந்த வரி நான் எழுதினது. வேணும்னா நான் சொல்றேன்."

சேலைத் தலைப்பைத் தலையில் சுற்றினாள். முழங்காலை மடக்கினாள். அத்தனை பேர் நடுவில் தலையை ஆட்டி, "சீனி போடவா, நான் சிரிக்கவா?" என்று கத்தினாள். கைப்பேசி மெதுவாகக் கீழே இறங்கியது. "என்னம்மா நீ..." என்று ஆன்டி முனகினார்.

நூர் மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அக்கா, நீங்க சொன்னா நல்லாவே இல்லக்கா."

அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் தனியாக டீ குடிக்கப் போனேன். பக்கத்து மேசையில் யாரோ "மஸ்தான்!" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா, எனக்குத் தெரியாது. ஒரு கிளாசை எடுத்து விளிம்பை விரலால் சுற்றித் தடவினார். பாதியில் தன் விரலையே ஒரு கணம் பார்த்தார்.

"சீனி போடவாண்ணே?" என்று என்னைக் கேட்டார்.

பழக்க தோஷம், மீதிக்காகக் காத்திருந்தேன். மீதி வரவில்லை.

"கொஞ்சமாப் போடுங்க, நூர்" என்றேன்.