பொண்டாட்டிக்கு ஒரு ரூல்ஸா?

இன்று மதியம் லூனாஸ் டவுனில், என் நண்பன் அன்வரின் கடை மாடியில், பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் எங்கள் கதை விளையாட்டு. கதையைச் சொல்லி, எது செல்லும் எது செல்லாது என்று தீர்ப்பும் சொல்லும் கேம் மாஸ்டர் வேலை எனக்குப் புதிது.

ஆடுபவர்கள் இரண்டே பேர். என் மனைவி சாந்தி கதையில் திருடி. அன்வர் போர்வீரன்.

வீரன் குகையில் தூங்கும்போது அவனுடைய மந்திர வாளைத் திருடப் போவதாகச் சாந்தி சொன்னாள். பகடையில் நல்ல எண் விழுந்தது. "வாள் உனக்குத்தான்," என்றேன்.

அன்வரின் முகம் மாறிவிட்டது. "மானா போலே, அதெப்படி மச்சான்? நான் முழிக்கிறேனான்னு உருட்டவே விடல. பொண்டாட்டிக்கு ஒரு ரூல்ஸா?"

அவன் கேட்டது சரி. விதிப்படி அவனுக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. நான்தான் மறந்துவிட்டேன்.

சாந்தி என்னையே பார்த்தாள். "சொன்னது சொன்னதுதான் லா. இப்ப மாத்துவீங்களா?"

எழுந்து ஓடலாமென்றால் படிக்கட்டுப் பக்கம் அன்வர் உட்கார்ந்திருந்தான்.

"தப்பு என்னோடது. அன்வர், உருட்டு," என்றேன்.

உருட்டினான். வீரன் விழித்துக்கொண்டான். திருடி கையும் களவுமாகப் பிடிபட்டாள்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சாந்தி சொன்னாள்: "நீங்க செஞ்சது நியாயந்தான். ஆனா அவன் முழிச்சப்ப ஏன் அப்படிச் சிரிச்சீங்க?"

சிரித்தேனா? சத்தியமாக நினைவில்லை.

இந்தப் பதிவைக் குளியலறைக்குள்ளிருந்து எழுதுகிறேன். என்ன பதில் சொல்வதென்று தெரிந்த குடும்பஸ்தர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். அன்வர், நீ மட்டும் வாயைத் திறக்காதே.