டெல்மாவும் இருபத்து மூன்றாம் எண்ணும்

டெல்மா பரானெக் எந்த அட்டையையும் வாங்குவதற்கு முன் முகர்ந்து பார்ப்பார். ஓரங்களை விரல் நுனியால் பிடித்து, மூக்குக்குக் கீழே கொண்டுபோய், கண்ணை மூடி ஒரே ஒரு இழுப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் வியாபாரிக்கு அதற்குள் வியர்த்துவிடும். "டீத்தண்ணி வாசன வருதே தம்பி" என்று சொல்லி அவர் திருப்பிக் கொடுத்துவிட்டால், அன்றைக்கு அந்தச் சந்தையில் அதை வேறு யாரும் தொடமாட்டார்கள். புது அட்டையைத் தேயிலைச் சாயத்தில் முக்கிக் காயவைத்துப் பழசு என்று விற்கிற புண்ணியவான்கள் எங்கள் ஓஹையோவில் நிறைய உண்டு. நிஜமான பிராண்ட்னர் அட்டையில் ரொட்டியின் கொழுப்பு வாசம் லேசாக இருக்க வேண்டும். எனக்கு அது பழைய செருப்பு வாசமாகத்தான் தெரிகிறது. அதைச் சொன்னதற்கு ஒரு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

ஹார்லன் ஃபால்ஸில், ஆற்றங்கரைத் தெருவில், என் சாவிக் கடைக்கு அடுத்த கதவு அவருடைய சலவைக்கூடம். காசு போட்டால் துவைக்கும் இயந்திரங்கள் ஒரு வரிசை, உலர்த்தும் இயந்திரங்கள் ஒரு வரிசை, நடுவே துணி மடிக்க நீள மேசை. டெல்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. நல்ல ஆகிருதி. செத்துப்போன கணவரின் கட்டம்போட்ட சட்டைகளைத்தான் போட்டுக்கொள்வார். காலரில் எப்போதும் நாலைந்து ஊக்கு குத்தியிருக்கும். இயந்திரங்களோடு பேசுவார். மூலையில் இருப்பது மட்டும் பேச்சுக்கு மசியாது, அதற்கு இடுப்புக்குக் கீழே ஒரு உதை வேண்டும். உதைத்துவிட்டு "மன்னிச்சுக்கோடா கண்ணு" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் பிராண்ட்னர் ரொட்டிக்காரர்கள் ஒவ்வொரு ரொட்டியோடும் ஒரு பேஸ்பால் அட்டை வைத்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் அணி ஆட்டர்ஸ். முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பின்பக்கம் அவருடைய ஜாதகம். மொத்தம் நாற்பது. அந்த நாற்பதையும் சேர்ப்பதுதான் டெல்மாவின் பைத்தியம். மற்றவர்களைப் போல மூலை கூர்மையாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கமாட்டார். "மூல மழுங்காத அட்ட, சட்ட அழுக்காகாத புள்ள மாதிரி. அது வெளையாடவே போகல" என்பார். அவரிடம் இருக்கும் ஒன்பதாம் எண் அட்டையை யாரோ ஒரு பையன் சைக்கிள் சக்கரக் கம்பியில் துணிக் கிளிப்பால் மாட்டி, படபடவென்று ஓட்டித் தீர்த்திருக்கிறான். பத்தொன்பதாம் எண் ஒரு லூத்தரன் பாதிரியாரின் பைபிளுக்குள் அடையாளமாக இருந்தது. முப்பத்து நான்காம் எண் ஒரு முழங்கால் சட்டைப் பையில் கிடந்து, சுடுநீரில் துவைபட்டு, உலர்ந்து, டெல்மாவின் கையாலேயே வெளியே வந்தது. அதில் ஆட்டக்காரரின் மூக்கு போய்விட்டது. அதற்காக அவரை விலக்கிவிட முடியுமா என்று கேட்பார்.

மடிக்கும் மேசைக்கு எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட மரச்சட்டம். எட்டு எட்டாக ஐந்து வரிசை. சட்டத்தை அவரே இழைத்தார். பசை கிடையாது, அட்டையின் நாலு மூலைக்கும் மெல்லிய காகிதப் பை. வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று ஒரு திரை. யாரோ எடுக்காமல் விட்டுப்போன தலையணை உறை அது. காலையில் கடை திறந்ததும் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதை விலக்குவார். வருகிறவர்களெல்லாம் ஈரத்துணியோடு நிற்கிற இடம் என்பதால் "ஈரக் கையோட கிட்ட வந்தா வெட்டிருவேன்" என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். பாதிரியார் உட்பட எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்ப்போம்.

முப்பத்தொன்பது முகங்கள் வந்துவிட்டன. இருபத்து மூன்று மட்டும் காலி. அந்த எண்ணுக்கு உரியவர் லூதர் பெட்டிஃபோர்ட், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதுதான் தொல்லை. எழுபத்தாறு வயது, ஒல்லி, தலையில் எப்போதும் சாம்பல் நிறத் தொப்பி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நீலப் பையில் துணி கொண்டுவருவார். இருபத்திரண்டு வயதில் அலபாமாவிலிருந்து வந்து ஒரே ஒரு கோடை ஆட்டர்ஸுக்கு ஆடினார். அட்டை அச்சாவதற்குள் அவரை வேறு ஊர் அணிக்கு விற்றுவிட்டார்கள். சுற்றித் திரிந்து, வேலைக்காகத் திரும்ப இங்கேயே வந்து, கல்யாணம் செய்து தங்கிவிட்டார். பட்டியலில் பெயர் இருந்தது, அட்டையை மட்டும் யாரும் பார்த்ததில்லை. தீயணைப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்ற ஆர்னி ஃபெங்கருக்கு இது போதாதா? வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல். லூதரும் ஆடவில்லை, அட்டையும் இல்லை, பட்டியலில் இருப்பது வேறு எவனோ ஒரு பெட்டிஃபோர்ட் என்று காலுறை மடித்துக்கொண்டே சீண்டுவார். லூதர் சிரிப்பார். ஒருமுறை மட்டும் டெல்மாவிடம் தனியாகச் சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன்.

"அந்த ஆட்டர்ஸ் தொப்பியோட ஒரு போட்டோகூட என்கிட்ட இல்ல, மிஸ் டெல்மா. நான் எப்படி இருந்தேன்னு எனக்கே மறந்துபோச்சு. ஒரு தடவ பாத்தாப் போதும்."

அன்றிலிருந்து டெல்மாவுக்கு இது பொழுதுபோக்கு இல்லை.

போன ஏப்ரலில், மூன்று ஊர் தள்ளி, தீயணைப்புக் கூடத்தில் நடந்த அட்டைச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ராய்ஸ் என்ற வியாபாரியின் மேசையில் இருந்தது இருபத்து மூன்று. கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்து, மேலே மதிப்பெண் சீட்டு. இப்போதெல்லாம் அப்படித்தான், ஒரு கம்பெனிக்கு அனுப்பினால் சோதித்து, மதிப்பெண் போட்டு, உடைத்தால்தான் திறக்கும் என்கிற மாதிரி அடைத்துத் தருவார்கள். உடைத்தால் மதிப்பெண்ணும் போச்சு, விலையும் போச்சு. முகர்ந்து பார்க்க வழியில்லாததால் டெல்மா வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் முகம் சுருங்கியது. கீழே 'லூதர் பெட்டிஃபோர்ட்' என்று பெயர். மேலே ஹெர்ஷல் டாகின்ஸின் முகம்.

ஹெர்ஷல் எங்கள் சுவரில் முப்பத்தொன்றாம் எண். புருவத்தில் வெட்டுத் தழும்பு உள்ளவர். அந்த அணியில் இருந்த கறுப்பர்கள் இரண்டே பேர், லூதரும் ஹெர்ஷலும். ரொட்டிக்காரர்கள் படத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். யாரோ போய்ச் சொன்னதும், திருத்தி அச்சடிக்கச் சோம்பல்பட்டு, அந்த எண்ணையே நிறுத்திவிட்டார்களாம். அதனால்தான் அட்டை கிடைக்கவில்லை, அதனால்தான் இதற்கு இத்தனை கிராக்கி என்று ராய்ஸ் பெருமையாக விளக்கினார். தப்பாக அச்சான அட்டை என்றால் இந்த உலகத்தில் தங்கம். டெல்மா தன்னிடம் இரட்டையாக இருந்த அட்டைகள் அத்தனையையும், செருப்புப் பெட்டியோடு, பேரம் பேசாமல் தள்ளிவிட்டு இதை எடுத்துக்கொண்டார். வண்டியில் திரும்பும்போது வழியெல்லாம் அதை மடியில் கவிழ்த்தே வைத்திருந்தார்.

வியாழக்கிழமை வரை அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிடேன் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

"பொய் சொல்லவும் வாய் வரல, நெசத்தச் சொல்லவும் வாய் வரல. அம்பது வருஷமா தன் மூஞ்சியப் பாக்கக் காத்திருக்கிற மனுசன்கிட்ட அடுத்தவன் மூஞ்சியக் கொண்டுபோய் நீட்டச் சொல்றியா?" என்றார். சொல்லிவிட்டு மூலை இயந்திரத்தை, அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தும், ஒரு உதை உதைத்தார்.

லூதர் வந்தார். பையைக்கூட அவரைக் கீழே வைக்கவிடாமல் டெல்மா அட்டையை நீட்டிவிட்டார். லூதர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெயரைப் படித்தார். படத்தைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஹெர்ஷலு. அட நாசமாப் போறவனே. அவன் என்னவிட அரை அடி ஒசரம், அவன் வலது கை, நான் இடது கை. ரெண்டு பேர வித்தியாசம் கண்டுபிடிக்க அவனுங்களுக்கு நேரமில்ல பாருங்க."

அந்தப் பிழையைப் போய்ச் சொன்னது ஹெர்ஷலாகத்தான் இருக்கும் என்றார். தன் முகத்துக்கு இன்னொருவன் பெயரை அவன் பொறுக்கமாட்டானாம். நாங்களும் சிரித்தோம். ஆனால் லூதர் மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை. கையில் அட்டை இருந்தது, பார்வை தரையில் இருந்தது. ஆர்னி பாதி மடித்த துண்டோடு அப்படியே நின்றார்.

டெல்மா என்னிடம் சுத்தியலும் திருப்புளியும் கேட்டார். கொண்டுவந்தேன். லூதரின் கையிலிருந்து பிளாஸ்டிக்கை வாங்கி, மடிக்கும் மேசையில் ஒரு துவாலை மேல் வைத்து, விளிம்பில் திருப்புளியை ஊன்றி ஒரே தட்டு. ஆர்னி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மதிப்பெண் சீட்டு ஒரு பக்கம் பறந்தது. டெல்மா அட்டையை உருவி, பின்பக்கத்தைத் திருப்பி, ஆர்னியின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"சத்தமாப் படிங்க. உங்க வாயாலதான் படிக்கணும்."

ஆர்னி படித்தார். லூதர் பெட்டிஃபோர்ட். பிறந்தது டெமோபொலிஸ், அலபாமா. இடது கை ஆட்டக்காரர். இந்தப் பருவத்தில் திருடிய தளங்கள், அதாவது பந்து வீசுகிறவர் அசந்த நேரம் ஓடிப் பிடித்தவை, முப்பத்தொன்று, அணியிலேயே அதிகம். குளிர்காலத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறார். பீச் பழ அப்பம் பிடிக்கும். படிக்கப் படிக்க ஆர்னியின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"முப்பத்திரெண்டு" என்றார் லூதர், தலை நிமிராமல். "கடைசி ஆட்டத்துல ஒண்ண விட்டுட்டானுங்க."

ஆர்னி தொண்டையைக் கனைத்தார். முப்பத்திரண்டு என்றே வைத்துக்கொள்வோம் என்றார். அவர் வாயிலிருந்து வந்த மன்னிப்பு அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம். லூதர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி அதைப் படிக்கச் சொன்னார், குறிப்பாக முப்பத்தொன்று வருகிற வரியை. ஆர்னி படித்தார்.

டெல்மா ஸ்டூல் போட்டு ஏறினார். சட்டத்தின் நாலு திருகாணியையும் கழற்றிக் கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். இருபத்து மூன்றாம் கட்டத்தின் காகித மூலைகளுக்குள் அட்டையை ஒவ்வொரு முனையாகச் செருகினார், ஹெர்ஷலின் முகம் சுவரைப் பார்க்க, லூதரின் பெயரும் ஊரும் திருட்டுக் கணக்கும் எங்களைப் பார்க்க.

"டெல்மா, திருப்பி வச்சுட்ட" என்றார் ஆர்னி.

டெல்மா என்னிடமிருந்து கண்ணாடியை வாங்கிப் பொருத்தி, கடைசித் திருகாணியை அது நிற்கும்வரை திருகினார். பிறகு முழு பலத்தையும் கொடுத்து இன்னொரு சுற்றுத் திருகினார்.