வெள்ளைத் துணிக்குப் பிறகு

குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் நடுவில் இடுக்கி அணை கட்டி முதல் தடவை தண்ணீர் நிறுத்தினார்களே, அதற்கு அடுத்த பனிக்காலம். வருடக் கணக்கு எனக்குச் சொல்ல வராது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் இதை எழுதுகிறாள். ஆனால் அந்தப் பனிக்காலத்தில்தான் எங்கள் எஸ்டேட்டில், ஃபிட்டர் செத்துவிட்டார் என்று கிளார்க் சொன்னார். காலத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. ஃபிட்டர் என்றால் எங்களோடு வேலை பார்த்தவர் இல்லை. ஆகாயத்தில் போகும் ஒரு கப்பலில் வேலை பார்த்தவர், சினிமா பிலிமில் இருந்தவர். அவர் கீழே விழுந்து கிடப்பார், ஒரு கிழவர் வந்து குனிந்து பார்ப்பார், பிறகு வெள்ளைத் துணி ஒன்றை இழுத்து முகத்தை மூடுவார்கள். அத்தோடு சுருள் முடிந்துவிடும். அந்தத் துணியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். போன மாதம் கஞ்சிக்கோட்டில், மகள் வீட்டு டிவியில், மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை படம் அங்கே முடியவில்லை.

முதலில் எங்கள் எஸ்டேட்டைச் சொல்லிவிடுகிறேன். கம்பம்மெட்டில் ஜீப் ஏறி மேற்கே போனால் ஏலக்காடு முடிந்து தேயிலை தொடங்கும். அங்கே என் அக்கா கொழுந்து எடுத்தாள். அக்காவின் புருஷன், என் மச்சான், நிழல் மரம் ஏறிக் கிளை கழிக்கும் வேலை. நான் பேக்டரியில் இன்ஜின் ஓட்டினேன். மூன்று பேரும் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரே வீட்டில் இருந்தோம். வெள்ளைக்கார துரை ஒருவர் கடைசியாக மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனபோது, கிளப்பில் படம் காட்டும் மிஷினையும் நாலு டப்பா பிலிமையும் விட்டுவிட்டுப் போனார். அவர் ஊர் டிவியில் வாரா வாரம் வந்து, வருடக்கணக்காக முடியாமல் ஓடிய கதையாம் அது. அவர் மச்சினர் அங்கே டிவி ஆபீசில் இருந்ததால் நாலு வாரத்துக் கதை மட்டும் மலையேறி வந்திருந்தது. துரை இருந்தவரை கிளப்பில் ஆபீஸ் ஸ்டாஃப் ஆட்கள் பார்த்தார்கள். அவர் போன பிறகுதான் மிஷின் எங்கள் பெரட்டுக் களத்துக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானத்துக்கு, வந்தது. இன்ஜின்காரன் என்பதால் மிஷினை ஓட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் படம் போடுவோம். இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்ததுதான் திரை. பனி இறங்கினால் படம் திரைக்குப் போய்ச் சேராது, நடுவழியில் பனியிலேயே விழும். கப்பல் எங்கள் தலைக்கு மேலே நிஜமாகவே மிதந்து போவது போல இருக்கும். பிள்ளைகள் எழுந்து கையால் பிடிக்கப் பார்க்கும். மாதா மாதம் அதே நாலு டப்பாதான். ஒருவரும் அலுத்துக்கொண்டதில்லை. திருவிழாவில் ஒரே சாமி ஒரே தெருவில்தானே வருடா வருடம் வருகிறது, யாராவது அலுத்துக்கொள்கிறார்களா? அந்தக் கப்பலையும் நாங்கள் எஸ்டேட்டாகவே பார்த்தோம். கப்பலை நடத்துபவர் துரை. பலகையில் எழுதிக்கொண்டே நடக்கிறவர் கண்டக்டர், அதாவது காட்டு வேலையை மேற்பார்க்கிறவர். கையில் ஸ்பேனரோடு எப்போதும் திட்டு வாங்குகிறவர் ஃபிட்டர். எல்லோருக்கும் பிடித்தவர் அவர்தான்.

பேசுவது இங்கிலீஷ். ஒரு வார்த்தை புரியாது. கதை சொன்னது மச்சான். திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆள் வாயைத் திறக்கும் முன்னே மச்சான் பேசிவிடுவார். "ஏ, இப்ப துரை என்ன கேக்காருன்னா, நேத்து ஏன்டா வேலைக்கு வரலன்னு கேக்காரு. இவன் என்ன சொல்லுதான்? சந்திரன்ல பஸ் கிடைக்கலன்னு சொல்லுதான்." களம் முழுக்கச் சிரிப்பு உருளும். முதல் தடவை ஓட்டியபோதே மூன்றாவது டப்பாவின் வால் ஈரத்தில் ஒட்டிப்போய் மிஷினில் சிக்கி, விளக்குச் சூட்டில் பொசுங்கிவிட்டது. பொசுங்கியதையெல்லாம் கத்தரித்து எறிந்தோம். அதனால்தான் வெள்ளைத் துணியோடு அந்தக் கதை நின்றது. பெண்கள் அழுதார்கள். ஆனால் அடுத்த டப்பாவைப் போட்டதும் ஃபிட்டர் ஸ்பேனரோடு நடந்து வந்தார். மச்சான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மயக்கம் போட்டவன் தெளிஞ்சிட்டான், வேலைக்கு வந்துட்டான், அம்புட்டுத்தான்" என்றார். அன்றைக்கு ஒரு கிழவி குலவை போட்டாள். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வெள்ளைத் துணி மூடினால் களம் மூச்சு விடாது; அடுத்த டப்பாவில் ஃபிட்டர் வந்தால் பெண்கள் எல்லோரும் சேர்ந்து குலவை. எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் போட்ட அதே குலவை.

இப்படியிருக்கும்போது மச்சான் மரத்திலிருந்து விழுந்தார். வலது கால் தொடையில் முறிந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, பிரித்து, எலும்பு கூடிவிட்டது, நட என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் நடக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தால் முகம் வெளுத்து வேர்த்துவிடும், மறுபடி உட்கார்ந்துவிடுவார். "எலும்பு கூடியிருக்கும். கால் என்னுது இல்ல" என்பார். அந்த மனிதர் ஒரு நாளும் பயந்து நான் பார்த்ததில்லை. அதனால் பயம் என்றால் என்ன செய்வது என்று அவருக்கே தெரியவில்லை. படம் போடும் நாளிலும் வரமாட்டார். கதை சொல்ல ஆளில்லாமல் படம் ஓடியது. மிஷின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. ஜனங்கள் பாதியிலேயே எழுந்து போனார்கள்.

வீடு மச்சான் பெயரில் இருந்தது. அக்காவும் நானும் அப்போது டெம்பரவரி. நிரந்தர ஆள் ஒருவர் இல்லாத வீட்டை எஸ்டேட் திரும்ப எடுத்துக்கொள்ளும். மாதம் முடிவதற்குள் மச்சான் பெரட்டுக்கு வந்து நிற்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள், மலையிறங்க வேண்டியதுதான். கீழே எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அதைச் சொல்லிப் போகத்தான் கிளார்க் வீட்டுக்கே வந்தார். கோவிந்தாபுரத்துப் பக்கம் விவசாயக் குடும்பத்து மனிதர். மழை இல்லாவிட்டாலும் கையில் குடை இருக்கும். எஸ்டேட்டில் புதிய துரைக்கு அடுத்தபடி இங்கிலீஷ் தெரிந்தவர் அவர்தான் என்று பெயர். அந்தப் பெயரால்தான் அவருக்கு அங்கே மரியாதை. வாசலிலேயே நின்று, "ஏனுங்க, ஒரு நாளைக்கு வந்து நின்னு மூஞ்சி காட்டுங்க. மத்தத நான் பாத்துக்கறனுங்க. ஊட்ட உட்டுப்போட்டு எங்க போவீங்க?" என்றார். மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அக்கா கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேராக ஆபீசுக்குப் போனதை நான் பேக்டரி வாசலிலிருந்து பார்த்தேன். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். தவணை கேட்கப் போனாயா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஞாயித்துக்கிழம படம் உண்டுல்ல? மிஷின நல்லாத் தொடச்சு வையி" என்றாள். எனக்கு அது ஏன் என்று தோன்றவில்லை. பெண்கள் கவலையில் இருந்தால் எதையாவது துடைக்கச் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளார்க் களத்துக்கு வந்தார். அதற்கு முன் ஒரு தடவைகூட எங்களோடு வந்து உட்கார்ந்தவர் இல்லை. மச்சான் நிற்கும் இடத்தில் போய் நின்றார். "இன்னைக்கு நான் கதை சொல்றனுங்க" என்றார். சொன்னார், ஆபீஸ் நோட்டீஸ் வாசிப்பது போல. வெள்ளைத் துணி வந்தது. "இந்த ஆளு செத்துப் போயிட்டானுங்க. கதை அவ்வளவுதானுங்க" என்றார். குலவைக்காரக் கிழவி எழுந்துவிட்டாள்.

"என்னய்யா சொல்லுதீரு? அடுத்த டப்பாவுல நடந்து வாரானே?"

"அது முந்தி எடுத்ததுங்க ஆத்தா. டப்பாவ முன்னப்பின்ன மாத்தி ஓட்டிப்போட்டு, செத்தவனுக்குக் குலவ போட்டுட்டு இருக்கறீங்க."

டப்பாவில் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் பூஞ்சை பிடித்து எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. எது முந்தி எது பிந்தி என்று முடிவு செய்தது நாங்கள்தான். மிஷினை நிறுத்திவிட்டேன். பின்வரிசையிலிருந்து இரண்டு பேர் எழுந்து லயத்தைப் பார்த்து ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து மச்சானின் குரல் கேட்டது. "எவன் சொன்னான்? எவன்லே சொன்னான்?" படிக்கட்டில் தடி ஊன்றும் சத்தம். பனிக்குள்ளிருந்து முதலில் தடி வந்தது, பிறகு மச்சான் வந்தார். லயத்திலிருந்து களத்துக்கு இறங்கும் படி, நல்ல காலோடு இறங்குகிறவனையே பார்த்து இறங்க வைக்கும் படி. அவர் கீழே பார்க்கவே இல்லை. கிளார்க்கின் முகத்தைப் பார்த்தபடியே இறங்கி வந்தார்.

"கிளார்க்கய்யா, நீரு படிச்சவரு. நான் படிக்காதவன். ஆனா கண்ணு எனக்கும் ரெண்டு இருக்கு. துணிய மூடுதப்ப அவன் பூட்ஸப் பாத்தீரா?"

"பூட்ஸுல என்னங்க இருக்குது?"

"அசையுதுய்யா. செத்தவன் பூட்ஸு அசையுமா?"

"நடிக்கறவன் காலு மரத்துப் போயிருக்குமுங்க."

"மரத்துப் போன கால் அசையாது. அது எனக்குத் தெரியும், உமக்குத் தெரியாது."

களம் கொல்லென்று சிரித்தது. மச்சான் என்னைப் பார்த்து, திருப்பிப் போடு என்றார். சுருளைப் பின்னால் சுற்றி அந்த இடத்தை மறுபடி ஓட்டினேன். பார்த்தோம். பூட்ஸ் அசைந்தது. நம்பாதவர்களுக்காக இன்னொரு தடவை, நம்பியவர்களின் சந்தோஷத்துக்காக இன்னொரு தடவை. வேறு எதையும் பார்க்காமல் ஒரு பூட்ஸை மட்டும் ஓர் எஸ்டேட்டே பார்த்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் மச்சான் தடியை எடுத்துத் திரையில் தொட்டுக் காட்டினார். தடி கையில் இருக்கும்போது அவர் எதைப் பிடித்து நின்றார் என்று கேளுங்கள். ஒன்றையும் பிடிக்கவில்லை. கிளார்க் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "தோத்துட்டனுங்க. எனக்கு இங்கிலீஸு அத்தனைக்குப் புரியறதில்லைங்க" என்று சொல்லிவிட்டு, பனிக்குள் இறங்கிப் போய்விட்டார். அடுத்த டப்பாவைப் போட்டோம். அன்றைக்குப் போட்ட குலவை அடுத்த எஸ்டேட்டுக்குக் கேட்டதாம். மச்சான் கதையை முடித்தபோதுதான் அக்கா பக்கத்தில் போய், "நின்னது போதும், உக்காருங்க" என்றாள். மச்சான் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

மறுநாள் காலை பெரட்டில் கிளார்க் தலை நிமிராமல் பெயரை வாசித்தார். "வந்திருக்கேன்" என்றார் மச்சான். அடுத்த பெயரை வாசித்தார் கிளார்க். வீடு நின்றது. மச்சான் ரிட்டையர் ஆகும்வரை மரம் ஏறினார். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் அந்த வீட்டிலிருந்துதான் படித்து வெளியே போனார்கள்.

கிளார்க்குக்கு அதன் பிறகு அங்கே வேறு பெயர் வந்துவிட்டது. இங்கிலீஷ் தெரியாத கிளார்க் என்று கொழுந்துக்காரப் பெண்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். "கிளார்க்கய்யா, ஃபிட்டர் சௌக்கியமா?" என்று பிள்ளைகள் கூப்பிடும். "சௌக்கியமுங்க" என்று குடையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார். கடுதாசி படிக்க வேண்டியிருந்தால் பேக்டரியில் தூள் பக்குவம் பார்க்கும் டீமேக்கரிடம் போனார்கள், அவரிடம் போகவில்லை. அக்கா மட்டும் அவரைப் பற்றி ஒரு சொல் பேச விடமாட்டாள். "அவரச் சொல்லாத" என்று ஒரே வார்த்தையில் வாயை மூடிவிடுவாள். பொங்கலுக்கு முதல் பானைச் சோறு அவர் வீட்டுக்குப் போகும். வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு மரியாதை என்று நாங்கள் நினைத்தோம். பிறகு அவர் ரிட்டையராகி ஊருக்குப் போனார். இப்போது மச்சானும் இல்லை, அக்காவும் இல்லை.

போன மாதம் என்ன நடந்தது என்றால், என் மருமகன் நைட் ஷிப்ட் முடித்து வந்து டிவியில் பழைய படம் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு இப்படிப் பழைய தொடர்களைத் தேடிப் பிடித்து மறுபடி மறுபடி பார்க்கிற கிறுக்கு உண்டு. நான் காபியோடு அந்தப் பக்கம் போனேன். கறுப்பு வெள்ளையில் அந்தக் கிழவர் குனிந்தார். வெள்ளைத் துணியை இழுத்து மூடினார்கள். பூட்ஸ் அசைந்தது. என் கால் தானாகவே நின்றது. படம் இதோ முடியப்போகிறது, மிஷினை நிறுத்த வேண்டும் என்று கை எழுந்துவிட்டது. படம் நிற்கவில்லை. கிழவர் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், துணியை ஃபிட்டரே முகத்திலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து ஏதோ கேட்டார். என்ன கேட்கிறான் என்று மருமகனிடம் கேட்டேன். கீழே ஓடிய எழுத்தைப் படித்துவிட்டு மருமகன் சிரித்தார். "டீ இருக்குதான்னு கேக்கறானுங்க மாமா."

நான் உட்கார்ந்துவிட்டேன். துரை காலத்தில், பிலிம் பொசுங்கும் முன்னாலேயே, கிளப்பில் ஸ்டாஃப் ஆட்களோடு கிளார்க்கும் இந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவர். ஃபிட்டர் எழுந்ததும் டீ கேட்டதும் அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் செத்துப் போனான் என்றார். ஏன் என்றால், அக்கா கேட்டுக்கொண்டாள். வேறு எதற்கும் எழாத மச்சான், தன் கதையை இன்னொருத்தன் மாற்றினால் எழுந்து வருவார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வந்து சண்டை போடுகிறவருக்கு எதிரே தோற்று நிற்க ஓர் ஆள் வேண்டும். தன்னிடம் இருந்த ஒரே பெரிய மரியாதையை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் குடையோடு இறங்கிப் போயிருக்கிறார். அதற்குப் பிறகு அத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சௌக்கியம் சொல்லியிருக்கிறார். ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மச்சானின் ஜெயம் போய்விடும் என்று நினைத்திருப்பார். போயிருக்காது. மச்சான் சொன்னதும் சரிதானே, ஃபிட்டர் சாகவில்லை.

மருமகனிடம் அந்த இடத்தைத் திருப்பிப் போடச் சொன்னேன். துணி மூடியது, பூட்ஸ் அசைந்தது, ஃபிட்டர் எழுந்து டீ கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னேன். குலவை போட வீட்டில் ஆளில்லை. மகளுக்கு அது வராது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது கோவிந்தாபுரம் பக்கம் போனால் கொஞ்சம் விசாரியுங்கள். இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட்டில் கிளார்க்காக இருந்து, வெயிலிலும் குடை பிடித்துத் திரும்பி வந்த ஒருவரின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ அங்கே இருப்பார்கள். ஃபிட்டர் சௌக்கியம் என்று சொல்லுங்கள். அவர்கள் தாத்தாவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்றும் சொல்லுங்கள்.