இறக்கி எடுத்த பாட்டு

சபையாருக்கு என் அன்பு. கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை எடுத்தபோது என் குரலும் கூடவே போய்விட்டது. மயக்கம் தெளிந்ததும் என் கணவரைக் கூப்பிட்டேன். வெறும் காற்றுதான் வந்தது.

"நரம்பு பலவீனமா இருக்கு. குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்," என்றார் டாக்டர்.

பாசிர் கூடாங் ஊரில் எங்கள் சின்னத் தமிழ்ச் சபையில் பல வருடங்களாகப் பாட்டைத் தொடங்கி வைப்பவள் நான். எங்களிடம் வாத்தியம் எதுவும் கிடையாது. நான் எடுக்கிற சுருதியில்தான் மற்றவர்கள் சேர வேண்டும். ஆண்டவருக்கென்று கொடுத்த குரல் அது. அதையே எடுத்துக்கொண்டால் எப்படி? எனக்குக் கோபம் வந்தது. ஆராதனைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். என் கணவர் ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து, என் கட்டிலருகே முழங்காலில் நின்று ஜெபிப்பார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

அழுது ஓய்ந்த ஒரு நாள் மனதுக்குள் கேட்டேன். "ஆண்டவரே, பாடக்கூட வேண்டாம். உம்மை வாய்விட்டுக் கூப்பிட ஒரு சத்தம் கொடும்."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டு முறை. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். என் கணவரோ அதற்குள் எல்லாரும் சாப்பிட மீ கோரெங் நூடுல்ஸுக்கே சொல்லி வைத்துவிட்டார். எல்லாரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பாட்டைத் தொடங்கத்தான் ஆள் இல்லை. கடைசியில் ஸ்டெல்லா அக்கா துணிந்து எடுத்தார். எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போய்விட்டார். சரணம் வந்ததும் ஆளாளுக்கு மூச்சு முட்டி நின்றார்கள். மறுபடி தொடங்கினார். அது இன்னும் மேலே போனது.

"அலமாக், எனக்கு வரல லா. வேற யாராச்சும் எடுங்க," என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. 'இறக்கி எடுங்கக்கா' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பாட்டின் முதல் வரியே வந்துவிட்டது. கரகரத்த, தடித்த குரல். ஆனாலும் அது சத்தம். நான் கேட்ட சத்தம்.

"நிறுத்தாதீங்க சிஸ்டர், பாடுங்க," என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அழுதுகொண்டே பாடி முடித்தேன்.

என் பழைய குரல் திரும்பவில்லை. இனி இவ்வளவுதான் என்கிறார் டாக்டர். இதற்கே நன்றி சொல்லி முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மீண்டும் நான்தான் பாட்டைத் தொடங்குகிறேன், கீழ்ச் சுருதியில். கல்யாணமான நாளிலிருந்து ஆராதனையில் என் கணவர் வாய் திறந்து பாடியதே இல்லை. கூச்சம் என்றே நினைத்திருந்தேன். இப்போது பின் வரிசையிலிருந்து அவர் குரல் கேட்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "முன்னாடி நீ எடுக்கிறது எனக்கு எட்டாதும்மா," என்றார்.

எல்லாம் உடைந்துபோனது என்று வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஆண்டவர் மேல் கோபமிருந்தால் அந்தக் கோபத்தோடேயே வாருங்கள். அவர் கேட்பார். வெள்ளிக்கிழமை வந்து எங்களோடு பாயில் உட்காருங்கள். உங்களுக்கும் எட்டுகிற மாதிரி இறக்கியே எடுக்கிறேன்.