மூவாயிரமாவது ஆண்டுத் தென்காசி

பள்ளிக்கூடங்களுக்கு எதிர்காலத்தின் மேல் ஏன் இத்தனை மோகம் என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. இருக்கிற ஊரில் ஒரு மழை பெய்தால் தெரு எது, ஓடை எது என்று தெரியவில்லை. என் மகனின் பள்ளி வாட்ஸ்அப் குழுவிலோ திங்கட்கிழமைக்குள் ‘கனவு நகரம்’ செய்துவரச் சொல்லி மூன்று முறை நினைவூட்டிவிட்டார்கள். அவன் பசையும் கையுமாக என் முகத்தைப் பார்க்கிறான். எனக்கோ தெர்மோகோலைக் கண்டாலே பல் கூசுகிறது.

ஆறாம் வகுப்பில் நானும் ஒரு நகரம் கட்டினேன். மூவாயிரமாவது ஆண்டில் தென்காசி. ஆண்டு மட்டும் பள்ளிக் கண்காட்சிக்காக டீச்சர் கொடுத்தது, மற்றதெல்லாம் என்னுடையது. விடுப்பில் வந்திருந்த வாப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் பெட்டிக்குள் கிடந்த தெர்மோகோல்தான் என் கோபுரங்கள். மிட்டாய் சுற்றிய வெள்ளித்தாள்தான் அவற்றின் கண்ணாடி. புழுதி இல்லை, சாக்கடை இல்லை, பஸ்ஸுக்குக் காத்துக் கிடப்பதும் இல்லை. பசித்தால் ஒரு மாத்திரை. வேலைக்கெல்லாம் ரோபோ. வெள்ளை வெளேரென்று, மூச்சுவிட்டால் அழுக்காகிவிடுமோ என்று பயமுறுத்தும் நகரம். முதல் பரிசு எனக்குத்தான் என்று நானே முடிவுசெய்திருந்தேன்.

வீட்டார் விட்டால்தானே.

“தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வரும்?” என்றாள் உம்மா.

“எந்நேரமும் வரும்மா.”

“தொட்டி எங்கன வச்சிருக்கே?”

எந்நேரமும் வருகிற தண்ணீருக்குத் தொட்டி எதற்கு என்று எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. “ஏட்டி, தொட்டி இல்லாம ஒரு ஊரா?” என்று பவுடர் டப்பா மூடியைக் கொண்டுவந்து நடுத்தெருவில் ஒட்டிவிட்டுப் போனாள்.

அடுத்தது மாமா, உம்மாவின் தம்பி. குற்றாலம் இல்லாத தென்காசி அவருக்கு ஆகாது. என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு, மிச்சத் தெர்மோகோலை எல்லாம் அடுக்கி மலை எழுப்பினார். “சீசன் பொய்க்காத அருவி ஏட்டி, இது. வருஷம் பூரா விழும். போலீஸ் விசிலும் கிடையாது, வரிசையும் கிடையாது” என்று, வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய நீல எனாமல் பெயிண்டைத் தாராளமாக ஊற்றினார். மத்தியானச் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால், அருவி மலையைத் தின்றிருந்தது. தெர்மோகோல் கரைந்து, குழிந்து, கறையான் அரித்த தலையணைபோல் உட்கார்ந்திருந்தது.

“அழாதட்டி. ஆயிரம் வருஷத்துல மலை தேயத்தான் செய்யும்லா.”

இவர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வாப்பாவைத்தான் முடியவில்லை. அந்த முறை அவர் திரும்பிப் போவதா வேண்டாமா என்று வீட்டில் தினமும் பேச்சு நடந்தது. சுரண்டையில் ஒரு கடை பார்த்தார்கள். அது கைகூடாமல் போய், ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் வந்துவிட்டது. அங்கே அவருக்கு வேலை, உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பது. அப்போது எங்களிடம் கண்ணாடிக் கம்பெனி என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

என் கோபுரங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு அடுப்படியிலிருந்து ஐந்து காலித் தீப்பெட்டிகளைக் கொண்டுவந்து, நகரத்தைச் சுற்றி நான் வைத்திருந்த மதிலுக்கு வெளியே வரிசையாக ஒட்டினார்.

“என்ன வாப்பா இது?”

“இம்புட்டுக் கண்ணாடியையும் தொடைக்குதவன் எங்கன படுப்பான்?”

“அதெல்லாம் ரோபோ பாத்துக்கும்.”

“ரோபோவ ஒருத்தன் தொடைக்கணும்லா” என்றார், சிரிக்காமல்.

கண்காட்சி நாளன்று காலையில் ஐந்தையும் பிய்த்துக் குப்பையில் போட்டேன். கனவு நகரத்துக்குத் தீப்பெட்டி என்ன கேடு.

அது சனிக்கிழமை. முதல் பரிசு, வழக்கம்போல், எரிமலைக்கே போனது. எனக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. நடுவராக வந்தவர் மாமாவின் மலையைச் சுட்டி, இது என்ன, குப்பைக் கிடங்கா என்று கேட்டார். அந்த எரிச்சலில் நான் நின்றிருந்தபோதுதான் வாப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என் நகரத்து மதிலுக்கு வெளியே, தீப்பெட்டிகள் இருந்த இடத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட வாகாக இருந்திருக்கும்.

“இந்த ஊருல யாரும் வேலைக்கு வெளிய போவ வேண்டாமா?”

“வேண்டாம். எல்லாம் இங்கனயே கிடைக்கும்.”

“அப்போ எல்லாரும் வீட்டோட இருப்பாங்க?”

“ஆமா வாப்பா.” எத்தனை தரம்தான் சொல்வது.

அவர் குனிந்து, அட்டையில் நான் எழுதியிருந்த ஆண்டைப் படித்தார்.

“மூவாயிரமா. அம்புட்டு நாளாவுமா?”

எனக்குச் சுள்ளென்று வந்தது. “அது டீச்சர் போட்ட வருஷம். நம்ம மாத்த முடியாது.”

சரி என்று தலையாட்டினார், ஏதோ ஆபீஸ் சன்னலில் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டவர்போல. இவ்வளவு பெரிய மனுஷருக்கு ஒரு வருஷக்கணக்கு விளங்கவில்லையே என்று சலித்துக்கொண்டு, நான் அடுத்த மேசையில் புகைந்துகொண்டிருந்த எரிமலையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.